நேர்ந்துவிடப்பட்ட குழந்தை

ஆட்டுக்கடாவையும் சேவலையும் கோயில் காளையையும் தெய்வத்தின் பெயரால் ஒதுக்கிவைப்பதை ‘நேர்ந்துவிடுதல்’ என்று தமிழர் வழங்குவர். இதே சொல் பெண் குழந்தைகளுக்கும் வழங்கப்பட்டது என்பதிலிருந்தே அறம் பற்றிய ஒரு கடினமான கேள்வி எழுகிறது. நோய் தீரவும் வறுமை நீங்கவும் பெற்றோர் செய்துகொண்ட வேண்டுதலுக்காக, பெரும்பாலும் பூப்பெய்தும் முன்பே சிறுமியைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று, தெய்வத்தை மணந்ததன் அடையாளமாக அவள் கழுத்தில் பொட்டு அணிவிக்கும் ‘பொட்டுக்கட்டுதல்’ என்னும் சடங்கு, அவளுக்கு மனிதரோடான திருமண வாழ்க்கையை நிலையாக மறுத்துவிட்டது. ஒருவர் நேர்ந்த நேர்த்திக்கடனை இன்னொருவரின் வாழ்வைக் கொண்டு செலுத்த முடியுமா என்பதே இங்கு ஆராய வேண்டிய கேள்வி.

இக்கேள்விக்கான விடை மேற்கிலிருந்து வந்த உரிமைச் சிந்தனையில் மட்டுமே கிடைக்கும் என்று கருதுவது பிழை. வேத வாக்கியங்களின் பொருளை ஆராய்ந்து சடங்கின் விதிகளைத் தீர்மானிக்கும் மீமாம்சைத் தத்துவம், தன்னுடையது அனைத்தையும் தானமாகக் கொடுத்துவிட வேண்டிய ‘விசுவசித்’ என்னும் வேள்வியைப் பற்றிப் பேசும்போது, அந்த ‘அனைத்தும்’ என்பதில் தாய் தந்தை முதலிய உறவினரும் அடங்குவரா என்று வினவுகிறது. எதன்மீது ஒருவருக்கு உடைமை உண்டோ அதை மட்டுமே அவர் கொடுக்க முடியும், உறவினர் எவருக்கும் உடைமை அல்லர் என்பது சைமினியின் மீமாம்சைச் சூத்திரமும் அதற்குச் சபரர் எழுதிய உரையும் அடையும் முடிவு. அதே இடத்தில், நிலம் எல்லோருக்கும் பொதுவானது என்பதால் பேரரசனும் அதைத் தானம் செய்ய இயலாது என்ற கருத்தும் வருகிறது. குடும்பத்துக்குக் கேடு வராத அளவில் தன் பொருளைக் கொடுக்கலாம், மனைவியையும் மகனையும் கொடுக்கலாகாது என்று யாக்ஞவல்கிய ஸ்மிருதியும் விலக்கு வைக்கிறது. கன்னிகாதானத்தையும் தத்துக் கொடுத்தலையும் ஏற்றுக்கொண்ட அதே மரபு இது என்பதை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும், பிள்ளை பெற்றோரின் பொருள் அல்ல என்ற தெளிவு அம்மரபுக்குள்ளேயே இருந்தது என்பதை மறைப்பதும் நேர்மையாகாது.

ஐதரேயப் பிராமணம் என்னும் வேத நூல் கூறும் சுனச்சேபனின் கதை இவ்வகையில் மிக ஆழமானது. பிள்ளையில்லாத அரிச்சந்திரன், மகன் பிறந்தால் அவனையே பலியிடுவதாக வருணனிடம் வேண்டிக்கொள்கிறான். பிறந்த மகன் உரோகிதன் அதற்கு உடன்படாமல் காட்டுக்குப் போய்விடுகிறான். அங்கே பசியால் வாடிய அசீகர்த்தன் என்பவன், மூத்தவனைத் தான் விடமாட்டாமலும் இளையவனைத் தாய் விடமாட்டாமலும் இருக்க, நடுமகன் சுனச்சேபனை, உரோகிதனுக்குப் பதிலாகப் பலியிட, நூறு பசுக்களுக்கு விற்கிறான். அவனைத் தூணில் கட்ட இன்னொரு நூறும் வெட்டுவதற்கு மேலும் ஒரு நூறும் பெற உடன்படுகிறான். தெய்வங்களைப் போற்றிய சிறுவனின் கட்டுகள் தாமே அவிழ்கின்றன. தந்தை திரும்ப அழைத்தபோது அவன் செல்ல மறுத்து விசுவாமித்திரரின் மகனாகிறான். பலியை ஏற்காத தெய்வமும், பிள்ளையை விலைபேசிய பசியும், விற்ற தந்தையை மறுக்கும் பிள்ளையின் வாயும் ஒரே கதையில் நிற்கின்றன.

பொட்டுக்கட்டும் வழக்கத்தைக் கண்டிக்கும்போது, கோயில் மகளிரின் வரலாறு முழுவதையும் ஒரே இழிவாகச் சுருக்குவது முறையன்று. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் அமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு வீடும் நெல்லும் வழங்கப்பட்டதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. பிற்காலத்திலும் பிற பெண்களுக்குக் கிட்டாத கல்வி, சொத்து, இசை, நடனம் ஆகியவை இவர்களிடம் இருந்தன. பொட்டுக்கட்டுதலை ஒழிக்கும் சட்டத்தை எதிர்த்தவர்களுள், அம்மரபில் வந்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளும் ஒருவர் என்பதை மறந்துவிடலாகாது. வளர்ந்த பெண்கள் தங்கள் தொழிலும் சொத்தும் மதிப்பும் பறிபோகும் என்று அஞ்சியதில் நியாயம் இருந்தது. ஆனால் அவர்களுடைய உரிமை வேறு, ஏழெட்டு வயதுச் சிறுமியின் உரிமை வேறு. முன்னதைக் காக்கப் பின்னதை விட்டுக்கொடுக்க முடியாது.

இந்த வேறுபாட்டைச் சட்டமன்றத்தில் வலியுறுத்தியவர், புதுக்கோட்டையில் இசை வேளாளர் மரபைச் சேர்ந்த தாய்க்குப் பிறந்து மருத்துவரான முத்துலட்சுமி ரெட்டி. சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அவர் 1927இல் கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்து, கோயில் பணிக்காக வழங்கப்பட்டிருந்த இனாம் நிலங்களை அப்பணியின் கட்டிலிருந்து விடுவிக்கும் சட்டத்திருத்தம் 1929இல் வந்தது. பிழைப்புக்கு வழி செய்யாமல் வழக்கத்தை மட்டும் தடைசெய்தால் பெண்கள் தெருவில் நிற்க நேரும் என்பதை உணர்ந்த செயல் அது. அந்த மரபின் கொடுமையைத் தாமே அனுபவித்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் மேடைதோறும் பேசினார். 1936இல் நாவலாகவும் எழுதினார். இருந்தும் பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்யும் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது.

மனித உரிமை என்பது அரசோ குடும்பமோ சாதியோ கொடுத்துப் பெறுவதன்று, பிறப்பினாலேயே ஒருவருக்கு உரியது. அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு தரும் மனச்சான்றுச் சுதந்திரமும், 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை குழந்தைக்கும் ஏற்கும் சிந்தனை, மனச்சான்று, சமயச் சுதந்திரமும் இங்கு முக்கியமானவை. சமயச் சுதந்திரத்தின் பெயரால் இவ்வழக்கத்தைக் காக்க முயல்பவர், யாருடைய சுதந்திரம் என்ற கேள்வியைத் தவிர்த்துவிடுகின்றனர். வேண்டிக்கொண்டவள் தாய், பொட்டு ஏற்பவள் மகள். தாயின் பக்தி எவ்வளவு உண்மையானதாயினும் அது மகளின் பக்தி ஆகிவிடாது. தன் விருப்பமின்றிச் செலுத்தப்படும் காணிக்கையில் பக்தியே இல்லை.

வட கர்நாடகத்தின் சவதத்தி எல்லம்மன் கோயிலைச் சூழ்ந்த பகுதிகளில், வறுமையும் சாதி ஒடுக்குமுறையும் சேர்ந்து நெருக்கும் தலித் குடும்பங்களில், சிறுமிகளுக்கு மணிமாலை கட்டி அம்மனுக்கு விடும் வழக்கம் சட்டத்தைத் தாண்டியும் நீடித்தது. கர்நாடக அரசின் 1982ஆம் ஆண்டுச் சட்டம், அவ்வாறு விடுபவர் பெற்றோரோ பாதுகாவலரோ உறவினரோ ஆயின் மற்றவர்களைவிடக் கூடுதல் தண்டனை விதித்தது. அசீகர்த்தனின் பசியைத் தீர்க்காமல் அவனைத் தண்டிப்பது மட்டும் போதாது; அக்குடும்பங்களுக்கு நிலமும் கல்வியும் கூலிக்கு உறுதியும் வேண்டும். ஏற்கெனவே நேர்ந்துவிடப்பட்ட பெண், அந்தச் சடங்கின் காரணமாகத் தன் திருமண உரிமையை இழப்பதில்லை என்று 1947ஆம் ஆண்டுச் சட்டமும் 1982ஆம் ஆண்டுச் சட்டமும் தெளிவாகக் கூறியுள்ளன. அம்மனின் சீற்றத்துக்கு அஞ்சி வாழும் அப்பெண்களின் காதில் விழும்படி, கோயில் வாசலிலும் திருவிழாக் கூட்டத்திலும் அந்த மக்களின் மொழியிலேயே அதை எடுத்துச் சொல்ல வேண்டிய கடமை, சமயம் அறிந்தவர்களுக்கே முதலில் உரியது.