மன்றத்தின் குரல் மக்கள் உடைமை!

உத்தரமேரூர்க் கல்வெட்டைக் காட்டிக் களிப்போர் பலர். பத்தாம் நூற்றாண்டிலேயே, முதலாம் பராந்தகச் சோழன் நாளில், கணக்குக் காட்டாதவனும் அவன் சுற்றத்தாரும் வாரியத்தில் அமரலாகாது என்று கல்லில் வெட்டினராம். நல்ல விதிதான், மறுக்கவில்லை நாம். ஆனால் அச்சபையில் வீற்றிருந்தோர் யார்? நிலம் படைத்த, வேதம் பயின்ற பார்ப்பனர்! உழுதவனுக்கு அங்கே இடமில்லை. அவன் குரல் அந்தக் கல்லில் ஏறவுமில்லை.

இன்று நிலை வேறு. 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தத்தால், வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். கூடுகிறது சபை, கலைகிறது சபை. எஞ்சுவது தீர்மானப் பதிவேடு! 'ஏகமனதாக நிறைவேறியது' என்று எழுதிவிட்டால் போதும். கேள்வி கேட்ட கிழவி எங்கே? அவளை அதட்டிய குரல் எங்கே? ஏட்டில் இல்லை!

2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் நடந்ததை நாடறியும். பட்டியலினத்தைச் சேர்ந்த பெண் தலைவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்டார், மற்றவர்க்கோ நாற்காலி! ஒரு புகைப்படம் வெளிவந்தது; நாடு கொதித்தது; வழக்கும் பதிவாயிற்று. யார் எங்கே அமர்ந்தார் என்று எழுதத் தீர்மான ஏட்டில் இடமேது, தோழர்களே? படம் தற்செயலாய்க் கிடைத்தது. மானம் தற்செயலை நம்பியா வாழ்வது?

'ஒளிப்பதிவுக் கருவியைக் கண்டால் ஏழை வாய் திறப்பானா?' என்று கேட்பர். நியாயமான ஐயம். ஆனால் அவன் அஞ்சுவது கருவிக்கா? எதிரே அமர்ந்திருக்கும் ஆதிக்கக்காரனுக்கு! அவன்தான் நேரிலேயே கேட்கிறானே! சாட்சி இல்லாத இடத்தில்தான் அடி விழும் என்பதைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். நோயையும் குடும்பத் துயரையும் சொல்ல வருவோர் முகத்தை மறைக்க விதி செய்க, ஒப்புகிறோம். அந்தச் சலுகை எளியோர்க்கு, ஆள்வோர்க்கு அன்று!

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஆவணத்தைக் கேட்டுப் பெற வழிதந்தது. பதிவே செய்யாததை எப்படிக் கேட்பது? ஆகவே, ஊராட்சி முதல் மாநகராட்சி வரை, பொதுக்கூட்டம் ஒவ்வொன்றும் முழுமையாய்ப் பதிவாக வேண்டும். வெட்டாமல், ஒட்டாமல் மக்கள் கைக்கு எட்ட வேண்டும். அதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும்.

மக்கள் பணத்தில், மக்கள் பெயரால், மன்றத்தில் பேசிய சொல் பேசியவனின் சொத்தன்று. அது மக்கள் உடைமை. உடைமையைக் கேட்போம், உரக்கவே கேட்போம்!