துக்க வீட்டுக்கு வசனத்தோட போகாதீங்க

(புதுச்சேரியில் லெந்து கால வெள்ளிக்கிழமைக் கூட்டமொன்றில் ஆற்றிய அருளுரை. பேச்சு நடை அப்படியே விடப்பட்டுள்ளது.)

மைக் கேக்குதா? பின்னாடி கேக்கலைன்னா எழுந்து முன்னாடி வாங்க, முதல் மூணு வரிசை காலியாத்தான் இருக்கு. நம்ம சபையில முதல் வரிசையை எப்பவும் தேவதூதர்களுக்குன்னே ஒதுக்கி வச்சிருக்கோம். உக்காருங்க, பரவாயில்ல.

கமிட்டிக்காரங்க எனக்குக் கொடுத்த தலைப்பு, "மிஷனெரி குடும்பத்தின் அர்ப்பணிப்பு". நல்ல தலைப்பு. மிஷனெரின்னா நம்ம ஊர்க்காரங்களுக்கு உடனே மிஷன் தெருவும் சம்பா கோயிலும்தான் ஞாபகம் வரும். 1776-ல பாரீஸ் மிஷன் சாமியாருங்க இந்த ஊர்ப் பொறுப்பை எடுத்தாங்க. 1792-ல துபுவா சாமியார் வந்து, முப்பது வருஷத்துக்கு மேல இந்த நாட்டுல இருந்துட்டுத்தான் திரும்பினார். அவங்களுக்கு ஏது ஐயா குடும்பம்னு கேப்பீங்க. பெண்டாட்டி பிள்ளை இல்லைதான். பெத்தவ இருந்தாளே? கப்பல் ஏறின மகன் முகத்தை இனிமே பாக்க மாட்டோம்னு தெரிஞ்சே வழியனுப்பினவ அவ. அவளைப் பத்தி யாராவது பிரசங்கம் பண்ணிக் கேட்டிருக்கீங்களா? இல்ல. நாம போனவங்களைப் பத்தித்தான் பேசுவோம்.

சரி, தலைப்புக்கு வரேன். இங்கேருந்து பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல திண்டிவனம். அங்கதான் அந்த ராத்திரி நடந்தது. ஞாயிறு பள்ளிக்கூடத்துல வருஷா வருஷம் நாடகம் போடுறீங்களே, மூணு தடவை கதவு தட்டுற நாடகம், அதேதான். போன தடவை ஐடா ஸ்கடர் அம்மாவா நடிச்ச பொண்ணு, கதவு தட்டுறதுக்கு முன்னாடியே திறந்துடுச்சு. (சிரிப்பு) நமக்குக் கதை அவ்வளவு மனப்பாடம். ஒரு பிராமணர் வந்தார், ஒரு முஸ்லிம் வந்தார், இன்னொரு மேல்சாதிக்காரர் வந்தார். மூணு பேர் வீட்டுலயும் பெண்டாட்டிக்குப் பிரசவ வேதனை. ஆம்பள டாக்டர் உள்ள வரக்கூடாது. அப்பா டாக்டர், மகள் ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. விடிஞ்சதும் பறைச் சத்தம். மூணு பெண்களும் போயிட்டாங்க. சாமுவேலைக் கூப்பிட்ட மாதிரி கர்த்தர் கூப்பிட்டார், ஐடா அமெரிக்கா போய் டாக்டர் ஆனாங்க, வேலூர் ஆஸ்பத்திரி வந்தது. இதுதானே உங்களுக்குத் தெரிஞ்ச கதை? நான் இன்னைக்கு அதைச் சொல்ல வரல. அவங்க பாட்டியைப் பத்திச் சொல்ல வந்திருக்கேன்.

பாட்டி பேரு ஹாரியட். தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர். நியூயார்க்குல நல்லா ஓடின வைத்தியத் தொழில். ஒரு நாள் நோயாளி வீட்டுல காத்துக்கிட்டு இருக்கும்போது மேசையில கிடந்த ஒரு கைப்பிரதியை எடுத்துப் படிக்கிறார். சுவிசேஷம் கேக்காத அறுபது கோடி ஜனங்களைப் பத்தினது. படிச்சவருக்குத் தூக்கம் போச்சு. நாமளும்தான் கைப்பிரதி வாங்குறோம். வாங்கி, கடலையை மடிக்கிறோம்.

1819 ஜூன்ல கப்பல் ஏறினாங்க. சின்ன மகள் மரியாவும் கூட. கல்கத்தா வந்து இறங்கினாங்க. அங்கயே மரியா இறந்துபோச்சு. ஊழியம் தொடங்கல. ஒரு வார்த்தை தமிழ் பேசல. ஒரு நோயாளியைப் பாக்கல. முதல்ல பண்ணின காரியம், குழந்தையைப் புதைச்சது.

அப்புறம் யாழ்ப்பாணம், பண்டத்தரிப்பு. அங்கயும் பிள்ளைகளைப் பறிகொடுத்தாங்க. ஹாரியட் அழுதாங்க. இதை எழுதி வச்சுக்கங்க. ஹாரியட் அம்மா அழுதாங்க. நாம என்ன பண்றோம்? இந்த இடத்துல கதையை வேகமா ஓட்டிடுறோம். "பிள்ளைகளை இழந்தும் சோர்ந்து போகவில்லை"ன்னு ஒரே வரி. அடுத்த வரியில ஆஸ்பத்திரி கட்டிடுவோம்! பெத்தவளுக்கு அழ அரை வரி கூட விடமாட்டோம்.

ராகேல் எப்படி அழுதா? ராமாவுல கேட்டுச்சே. யாராவது போய் "ராகேலே, விசுவாசம் எங்க?"ன்னு கேட்டாங்களா?

இப்ப நான் உங்களைத் திட்டப் போறேன். கோவிச்சுக்கக் கூடாது, கோவிச்சாலும் பரவாயில்ல. நம்ம ஜனங்க துக்க வீட்டுக்கு எப்படிப் போறாங்க தெரியுமா? செருப்பைக் கழட்டும்போதே வசனத்தை எடுத்துக்கிறாங்க. உள்ள போனதும், "அழாதீங்கக்கா, சாட்சி கெட்டுப்போயிடும்." பிள்ளையைப் புதைச்சு மூணு நாள் ஆகல, அவகிட்ட போய் "கர்த்தர் ஏதோ நோக்கத்தோடதான் பண்ணியிருப்பார்." என்ன நோக்கம்னு உனக்கு வந்து சொன்னாரா? உடனே ஒன்று தெசலோனிக்கேயர் நாலு, பதின்மூணு. அந்த வசனத்தை முழுசா வாசிங்க ஐயா, பாதியில நிறுத்தாதீங்க. நம்பிக்கையத்தவங்க மாதிரி துக்கப்படாதீங்கன்னு பவுல் சொன்னார். துக்கமே படாதீங்கன்னு எங்க சொன்னார்? பெத்தானியாவுல ஆண்டவர் என்ன பண்ணினார்? பிள்ளைங்க பரிசுக்காக முதல்ல மனப்பாடம் பண்ற வசனம், இருக்கிறதுலயே சின்னது, யோவான் பதினொண்ணுல. லாசரு எழுந்து வரப்போறான்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் அழுதார். அவருக்கே விசுவாசக் குறைவா?

யோபுவோட சிநேகிதர்கள் நல்ல மனுஷங்க. ரெண்டாம் அதிகாரம் கடைசி வசனம் வரைக்கும்! ஏழு நாள் தரையில உக்காந்தாங்க, ஒருத்தனும் பேசல. என்னைக்கு வாயைத் திறந்தாங்களோ அன்னைக்குக் கெட்டது. கடைசியில கர்த்தருக்கே அவங்க மேல கோபம் வந்துச்சு.

நாலாவது பெஞ்சுல ஒரு அம்மா என்னை முறைக்கிறாங்க. இருக்கட்டும்.

ஹாரியட் அழுதும் திரும்பிப் போகல. அதையும் சொல்லணும், இல்லைன்னா பாதிக் கதை. அப்புறம் பிள்ளைங்க நிறைய பிறந்தாங்க. ஒவ்வொரு பிள்ளையோட பிறந்தநாளையும் அந்தப் பிள்ளைக்காக ஜெபத்துலயே கழிப்பாங்கன்னு சொல்லுவாங்க. நம்ம வீட்டுப் பிறந்தநாள்ல கேக் வெட்டுறதுக்கு முன்னாடி அரை நிமிஷ ஜெபம், அதுக்குள்ள மெழுகுவர்த்தி உருகிடுதேன்னு கவலை. சாமுவேல்னு ஒரு மகன் அமெரிக்காவுல படிக்கும்போதே போயிட்டான்; பெத்தவங்க இங்க. ஏழு ஆண் பிள்ளைகள் ஊழியத்துக்கு வந்தாங்க. அவங்கள்ல மூணு பேர் 1853-ல ஆற்காடு மிஷனைத் தொடங்கினாங்க. ஹாரியட் அதைப் பாக்கல. 1849-லயே சென்னையில கண்ணை மூடிட்டாங்க. ஜான் ஸ்கடர் 1855-ல தென்னாப்பிரிக்காவுல. நாலு தலைமுறையில அந்தக் குடும்பத்துலேருந்து நாற்பது பேருக்கு மேல ஊழியம் பண்ணினாங்க, எல்லார் வருஷத்தையும் கூட்டினா ஆயிரத்தைத் தாண்டும்னு கணக்குப் போட்டு வச்சிருக்காங்க. நமக்குக் கணக்குன்னா பிடிக்கும். ஹாரியட் எத்தனை ராத்திரி தூங்கலைங்கிற கணக்கு யார்கிட்டயும் இல்ல.

அந்த ஏழு பேர்ல ஒருத்தர்தான் ஐடா அம்மாவோட அப்பா. அவங்க அம்மா சோபியா. சோபியாவுக்கு உடம்பு பத்தாது, இந்தியா வெயிலைத் தாங்க மாட்டாங்கன்னு மிஷன் போர்டுல தயங்கினாங்களாம். 1861-ல வந்தாங்க. வீட்டுக்காரர் 1900-ல போயிட்டார். சோபியா அம்மா 1925 வரைக்கும் வேலூர்லயே இருந்தாங்க! டாக்டர் சொல்றதெல்லாம் கேளுங்க, ஆனா ரொம்பப் பயப்படாதீங்க. (சிரிப்பு)

ஐடா சின்னப் பிள்ளையா இருக்கும்போது சிகாகோவுல பெரியப்பா வீட்டுல விட்டுட்டு இந்த அம்மா இந்தியாவுக்குத் திரும்பினாங்க. அன்னைக்கு ராத்திரி அந்தப் பொண்ணு அம்மா படுத்த படுக்கையில படுத்து, தலையணையில முகத்தைப் புதைச்சு அழுதுச்சாம். மிஷனெரியே ஆக மாட்டேன்னு அந்தப் பொண்ணு பிடிவாதம் பிடிச்சது சும்மாவா? 1900 ஜனவரியில டாக்டரா திரும்பி வந்தா, அப்பாகிட்ட தொழில் பழகிக்கலாம்னு வந்தா, மே மாசம் அப்பா இறந்துட்டார். பழக்கித் தர ஆள் இல்ல, பங்களாவுல ஒரு சின்ன அறை, வர்ற நோயாளியும் கொஞ்சம். 1902-ல ஆஸ்பத்திரி, 1918-ல பெண்களுக்கு மருத்துவப் பள்ளி, அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஜிப்மர்ல வரிசை நீளம்னு நீங்க பாதிப் பேர் வேலூர் போனவங்கதானே.

இந்த ஊர்ல வீட்டுக்கு ஒரு பிள்ளை பிரான்ஸ்ல. முத்தியால்பேட்டையில தனியா ஒரு பாட்டி, மகன் பாரீஸ்ல. தினம் சாயங்காலம் வீடியோ காலுக்குக் காத்திருக்காங்க. பிள்ளை தூரத்துல இருக்கிறதுன்னா என்னன்னு நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். அதனால இப்பச் சொல்லப்போற கதை உங்களுக்குப் புரியும்.

கொல்லிமலையில ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின்னு ஒரு மிஷனெரி தம்பதி. இங்கிலீஷ்காரங்க. மகன் பால் 1914-ல பிறந்தான். பின்னாடி வேலூர்ல தொழுநோயாளிகளோட கையைச் சரிபண்ணின டாக்டர் பால் பிராண்ட், அவர்தான். 1923-ல பாலையும் தங்கச்சி கோனியையும் படிப்புக்காக இங்கிலாந்துல விட்டுட்டு, பெத்தவங்க மலைக்குத் திரும்பிட்டாங்க. பையனுக்கு ஒன்பது வயசு. வாரா வாரம் கடுதாசி. மலை, மரம், பூச்சி, எல்லாத்தையும் அப்பா எழுதுவார்.

1929 ஜூன். ஜெஸ்ஸிக்கு மலேரியா முத்தி, சிறுநீர் கறுத்துப்போற காய்ச்சல். பக்கத்துல டாக்டர் கிடையாது. பெண்டாட்டி மட்டும்தான். இறந்துட்டார். லண்டனுக்குத் தந்தி போச்சு. பையனுக்குப் பதினஞ்சு வயசு நிறையல.

தந்தி வேகமா போயிடும். கடுதாசி கப்பல்ல போகணும், வாரக்கணக்கா ஆகும். கவனிங்க. அப்பா செத்துட்டார்னு தந்தி வந்துடுச்சு. அதுக்கப்புறம் அப்பா எழுதின கடுதாசி வருது. உயிரோட இருக்கும்போது எழுதினது. மலைமேல காத்துல குதிரையில போனேன்டா, கடவுளோட உலகத்தைப் பாத்துச் சந்தோஷப்படணும்டான்னு எழுதின கடுதாசி. தந்தியில செத்த அப்பா, கடுதாசியில குதிரை ஏறிப் போறார். அந்தப் பையன் எதை நம்புவான்? இதை எத்தனை கூட்டத்துல சொல்லியிருக்கேன்னு கணக்கில்ல, இன்னும் சொல்லுவேன். நீங்க கேட்டுத்தான் ஆகணும்.

அந்தப் பையன்கிட்ட போய் "எல்லாம் நன்மைக்கே"ன்னு சொல்லுவீங்களா? சொல்லுங்க பாப்போம்.

ஒரு வருஷம் கழிச்சு அம்மா ஊருக்கு வந்தாங்க. பையன் துறைமுகத்துக்குப் போறான். நிமிர்ந்து நடக்கிற அழகான அம்மா அவன் மனசுல இருக்காங்க. கப்பல்லேருந்து கூன் விழுந்த ஒரு கிழவி இறங்குறாங்க. ஒரே வருஷம்! விசுவாசத்துல அந்த அம்மாவுக்குக் குறைவுன்னு சொல்ல இந்தப் புதுச்சேரியில யாருக்காவது யோக்கியதை இருக்கா? அந்தக் கூனோடயே அவங்க திரும்பி வந்தாங்க. வயசாச்சு, ஓய்வெடுங்கன்னு மிஷன் சொன்னதுக்கப்புறமும் தானா மலை ஏறினாங்க. கொல்லிமலை, பச்சைமலை, கல்ராயன் மலைன்னு மட்டக்குதிரையில சுத்தினாங்க. கடைசி இருபது வருஷம் வீட்டுல கண்ணாடியே வச்சுக்கல. 1974-ல, தொண்ணூத்தஞ்சு வயசுல இறந்தாங்க. ஜெஸ்ஸிக்குப் பக்கத்துலயே வச்சாங்க.

தலைப்பு எங்கயோ போயிடுச்சுன்னு செக்ரட்டரி கடிகாரத்தைக் காட்டுறார். இன்னும் ஒண்ணே ஒண்ணு. ஒடிசாவுல, 1999 ஜனவரி 22 ராத்திரி, மிஷனெரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும் அவரோட பிள்ளைகள் பிலிப், திமோத்தி ரெண்டு பேரையும் வண்டிக்குள்ள வச்சு எரிச்சாங்க. பத்து வயசு, ஆறு வயசு. அவர் மனைவி கிளாடிஸ் அம்மா மன்னிச்சாங்க, உலகமே கேட்டது. நாம அதை என்ன பண்ணிட்டோம்? துக்கத்துல இருக்கிறவங்களை அடிக்கிற தடியா ஆக்கிட்டோம். "அந்த அம்மாவே மன்னிச்சாங்க, நீ ஏன் இன்னும் அழுறே?" அதே கிளாடிஸ் அம்மா விசாரணைக் கமிஷன்ல கொடுத்த வாக்குமூலத்துல என்ன சொன்னாங்க தெரியுமா? தண்டிக்கணும்னு எனக்கு எண்ணமில்லைன்னு சொன்னாங்க. அதுலயே, கிரஹாமை ஏன் கொன்னாங்கன்னு சில நேரம் யோசிக்கிறேன்னும் சொன்னாங்க. ரெண்டும் ஒரே காகிதத்துல இருக்கு. மன்னிப்பும் இருக்கு, ஏன்னு கேக்கிறதும் இருக்கு. நாம ஒண்ணை எடுத்துக்கிட்டு இன்னொண்ணைக் கிழிச்சுட்டோம்.

முடிக்கிறேன். இந்த வருஷம் நம்ம சபையில துக்கம் நடந்த வீடுகள் இருக்கு. யார்னு நான் பேர் சொல்ல வேண்டாம், உங்களுக்கே தெரியும். ஈஸ்டருக்குள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ரெண்டு பேரா போகணும். ஒரு தூக்குல சாப்பாடு எடுத்துட்டுப் போங்க. அரை மணி நேரம் உக்காருங்க. அவங்க பேசினா கேளுங்க. இறந்தவங்க பேரைச் சொன்னா பேச்சை மாத்தாதீங்க. அவங்க கேட்டா மட்டும் ஜெபம் பண்ணுங்க. கதவுப் பக்கத்துல மேசை மேல நோட்டு வச்சிருக்கோம், வர்றவங்க பேர் எழுதிட்டுப் போங்க. வசனம் சொல்லியே தீருவேங்கிறவங்க தயவுசெஞ்சு எழுத வேண்டாம்.