அழுகிற குரலிடம் ஒரு கேள்வி

2024இல் ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிரி எழுடா’ பாட்டு வந்தபோது பாடகர் பம்பா பாக்யாவும் உயிரோடு இல்லை, சாகுல் ஹமீதும் இல்லை. ஆனாலும் அவர்கள் பாடினார்கள். குடும்பத்தாரின் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் கொடுத்து, செயற்கை நுண்ணறிவின் துணையோடு அந்தக் குரல்களை ஏ.ஆர். ரஹ்மான் திரும்பக் கொண்டுவந்தார். அதே ஆண்டு ‘கோட்’ படத்தில் மறைந்த பாடகி பவதாரிணியின் குரலை அவர் தம்பி, இசையமைப்பாளர் யுவன், நமக்குக் கேட்கக் கொடுத்தார். கேட்டு நெகிழ்ந்த எல்லாருமே அன்று ஒரு செய்தியையும் தெரிந்துகொண்டோம்: குரல் இருப்பதால் ஆள் இருக்கிறார் என்று இனி சொல்ல முடியாது.

அனுமதி கேட்காதவர்கள் கையிலும் இன்று இதே கருவிதான் இருக்கிறது. “அம்மா, ஆக்சிடெண்ட் ஆயிடுச்சு, உடனே பணம் அனுப்பு” என்று மகன் குரலில் ஓர் அழைப்பு வருகிறது. பேசுவது மகன் அல்ல.

இது எப்படி முடிகிறது? நாம் பேசும்போது சொல்லும் சொற்கள் ஒரு பக்கம். தொண்டையும் வாயும் மூக்கும் சேர்ந்து தருகிற நம் தனி ஒலி இன்னொரு பக்கம். இந்த இரண்டையும் பிரித்தெடுக்க இயந்திரம் கற்றுக்கொண்டுவிட்டது. 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அறிவித்த ‘வால்-ஈ’ என்ற ஆய்வு மாதிரிக்கு மூன்று நொடிப் பதிவே போதுமாக இருந்தது. அதற்கு முன்பே சுமார் 60,000 மணி நேர ஆங்கிலப் பேச்சை அது கேட்டு முடித்திருந்தது. ஊர் முழுக்கத் தைத்துக் கொடுத்த தையற்காரர் ஆளைப் பார்த்ததுமே அளவைச் சொல்லிவிடுவது போல, உங்கள் குரல் எந்த வகை என்று பிடித்துக்கொள்ள அதற்குச் சில சொற்கள் போதும். ஒரு ரீல்ஸ், ஒரு கல்யாண வீடியோ, கைமாறிப் போன ஒரு வாய்ஸ் மெசேஜ் இருந்தால் வேலை முடிந்தது. பிள்ளைகளின் பக்கங்களைத் தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி வைப்பது நல்லதுதான். ஆனால் பாடம் நடத்தும் ஆசிரியரும் கடையில் நிற்பவரும் குரலை எங்கே ஒளித்து வைப்பார்கள்?

சரி, உற்றுக் கேட்டால் கண்டுபிடித்துவிடலாமே என்று தோன்றும். இந்த நம்பிக்கையைத்தான் முதலில் கைவிட வேண்டும் என்பேன். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் நிஜக் குரலையும் போலிக் குரலையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2023இல் வெளியான முடிவின்படி, போலியை அவர்கள் சரியாக இனம் கண்டது 73 சதவீதம்தான். மாதிரிகளைக் காட்டிப் பயிற்சி கொடுத்த பிறகும் பெரிய முன்னேற்றம் இல்லை. அது அமைதியாக உட்கார்ந்து கேட்ட சோதனை. நமக்கு வருவதோ தொலைபேசி அழைப்பு. பழைய தொலைபேசித் தரம் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். மூச்சின் இழுப்பு, எழுத்துகளின் நுண்ணிய உரசல் போன்றவை வழியிலேயே உதிர்ந்துவிடும். போலியின் குறைகளும் அவற்றோடு சேர்ந்து மறைந்துபோகும். மிச்சத்தை அழுகை மறைக்கும்.

2023இல் அரிசோனா மாநிலத்துத் தாய் ஒருவர் அமெரிக்க செனட் குழுவின் முன் தனக்கு நேர்ந்ததைச் சொன்னார். தெரியாத எண்ணிலிருந்து 15 வயது மகளின் அழுகுரல். சில நொடிகளிலேயே ஒரு முரட்டு ஆண் குரல் பேச்சை வாங்கிக்கொண்டது. பத்து லட்சம் டாலர் கேட்டு, பிறகு 50,000க்கு இறங்கியது. மகள் குரல்தான் என்பதில் அவருக்குத் துளியும் ஐயம் இல்லை. அருகில் இருந்தவர்கள் வேறு போனில் அவர் கணவரைப் பிடித்த பிறகுதான் பெண் பத்திரமாக இருப்பது தெரிந்தது. போலிக் குரல் நீளமாகப் பேச வேண்டிய தேவையே இல்லை என்பதைக் கவனியுங்கள். நெஞ்சு பதறச் சில நொடிகள் போதும். அதன்பின் “இன்ஸ்பெக்டர்” என்றோ “வக்கீல்” என்றோ ஒருவர் வந்து பேரத்தை நடத்துவார்.

ஆகவே காதை நம்பாமல் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: போனை வைத்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். திரையில் மகன் பெயரே தெரிந்தாலும் சரி, அதையும் போலியாகக் காட்ட முடியும். அவர் எடுக்கவில்லையா? அறைத் தோழர், விடுதி, சம்பந்தி வீடு என்று அடுத்த ஆளுக்குப் போங்கள். துபாயிலோ கனடாவிலோ பிள்ளை இருந்தால், அங்கே அவரோடு இருக்கும் இன்னொருவரின் எண்ணைக் காலண்டர் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

போனை வைக்க மனம் வரவில்லை என்றால் ஒரு கேள்வி கேளுங்கள். 2024 ஜூலையில் ஃபெராரி நிறுவன அதிகாரி ஒருவருக்கு, தலைமைச் செயல் அதிகாரி பெனடெட்டோ விஞ்ஞாவின் குரலில், அவருடைய தென் இத்தாலிய வாடை மாறாமல் அழைப்பு வந்தது. ரகசிய வணிகம், அவசரம் என்று பேச்சு போனது. “சில நாள் முன்பு எனக்கு ஒரு புத்தகம் சொன்னீர்களே, அதன் பெயர் என்ன?” என்றார் இவர். அழைப்பு துண்டிக்கப்பட்டது. நம் வீட்டில் கேட்பதென்றால் பிறந்த நாள், பள்ளிப் பெயர் வேண்டாம்; அவை ஃபேஸ்புக்கிலேயே கிடைக்கும். போன பொங்கலுக்குப் பாட்டி வீட்டில் யார் பாலைப் பொங்கவிட மறந்தது என்று கேட்கலாம். வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல்லைப் பேசி வைத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் பதற்றத்தில் சொல் மறந்துபோகும். அதனால் திரும்ப அழைப்பதையே நான் முதலில் வைப்பேன்.

இதில் பெரிய தடை நம் பண்பாடு. அழுகிற பிள்ளையின் போனை எந்தத் தாய் வைப்பாள்? அதிகாரி என்று சொல்கிறவரின் பேச்சை எந்த அப்பா துண்டிப்பார்? பிள்ளைகள்தான் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்: “அம்மா, நானே அழுதுகிட்டுப் பேசினாலும் கட் பண்ணிட்டுத் திரும்பக் கூப்பிடு. கோவிச்சுக்க மாட்டேன்.” இந்த வாரமே சொல்லிவிடுங்கள். “யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்று எதிர்முனை சொன்னால் உடனே பக்கத்து வீட்டுக்காரரையாவது கூப்பிடச் சொல்லுங்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். 2025இல் இத்தாலியின் பாதுகாப்பு அமைச்சர் குய்டோ குரோசெட்டோவின் குரலை நம்பி, இன்டர் மிலான் அணியின் முன்னாள் உரிமையாளர் மாசிமோ மொராட்டி ஏறக்குறைய பத்து லட்சம் யூரோ அனுப்பினார். அவர் புகார் கொடுத்தார். நெதர்லாந்தில் ஒரு கணக்கில் இருந்த பணத்தைப் போலீஸ் முடக்கியது. இந்தியாவில் கூப்பிட வேண்டிய சைபர் குற்ற உதவி எண் 1930. பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவும் முன் முடக்க வேண்டும் என்பதால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வங்கிக்கும் சொல்லுங்கள். அழைப்பு விவரம், பரிவர்த்தனை எண், மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். பின்னொரு நாள் “கட்டணம் கட்டினால் உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்” என்று யாராவது கூப்பிட்டால், அவர்களும் மோசடிக்காரர்கள்தான்.