பையோடு சன்னதிக்குப் போகலாமா?

உத்தமபாளையம் வட்டாரத்தில் அய்யம்பட்டி, பல்லவராயன்பட்டி ஜல்லிக்கட்டுகளுக்குப் பெரிய பெயர் உண்டு. மாட்டின் கொம்பு வயிற்றில் இறங்கினால் வெளியே தெரியும் துளை சிறியதாகவே இருக்கலாம். உள்ளே பெருங்குடல் கிழிந்திருந்தால் ஆபத்து ரத்தத்தோடு நிற்பதில்லை; கசியும் மலம் வயிறு முழுவதும் சீழ் பிடிக்க வைத்துவிடும்.

முதல் உலகப்போரில் பெருங்குடலில் குண்டு பாய்ந்தவர்களில் பாதிக்கு மேல் இறந்தார்கள். அந்தப் பயம் மருத்துவர்களை விடவில்லை. 1943இல் அமெரிக்க ராணுவ மருத்துவத் தலைமை, பெருங்குடல் காயம் என்றால் தைத்து உள்ளே விடக் கூடாது, குடலை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்றே ஆணையிட்டது. போர்க்கள விதி பொதுமக்களின் மருத்துவமனைகளிலும் பல காலம் நடைமுறையில் இருந்தது. 1979இல் ஹார்லன் ஸ்டோனும் டிமோதி ஃபேபியனும் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். பொருத்தமான நோயாளிகளுக்கு நேரடியாகத் தைத்து மூடுவதே மேல் என்று தெரிந்தது. இன்று பெரும்பாலான காயங்களை அப்படித்தான் தைக்கிறார்கள். ரத்த அழுத்தம் விழுந்து, நேரம் கடந்து, வயிறெல்லாம் மலம் பரவி வருகிறவருக்கு மட்டும் பழைய வழி இன்னும் தேவைப்படுகிறது.

அந்த வழிதான் மோஷன் பை. வயிற்றுத் தோலில் சிவப்பாக, ஈரமாகக் குடலின் வாய் தெரியும். தொட்டால் வலிக்காது. இறுக்கி அடக்கும் தசையும் அதற்குக் கிடையாது. வாயுவும் மலமும் வந்தபோது வரும். அதன் அளவுக்கு வட்டம் வெட்டி ஒட்டிய பை எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். சில மாதம் கழித்து இன்னொரு அறுவையில் குடலை உள்ளே இணைத்துவிடலாம். அதுவரை வீட்டில் ஒரு கேள்வி எழும், பெரும்பாலும் தணிந்த குரலில்: இதோடு கோயிலுக்கு, பள்ளிவாசலுக்குப் போகலாமா?

ராவுத்தர்கள் நிறைந்த ஊர் உத்தமபாளையம். அவர்கள் பின்பற்றும் ஹனபி பிரிவின் இஸ்லாமியச் சட்டத்தில் இந்தக் கேள்விக்குத் தெளிவான இடம் உண்டு. வாயு பிரிந்தால், தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவிச் செய்யும் ஒளு முறியும் என்பது பொதுவிதி. ஆனால் அடக்கவே முடியாத கசிவு உள்ளவர் சலுகைக்குரியவர். ஒவ்வொரு தொழுகை வேளைக்கும் புதிதாக ஒளு செய்துகொண்டால் போதும். அந்த வேளை முடியும்வரை அவர் கசிவு அதை முறிக்காது. பையில் இருப்பது அசுத்தம் என்பதைச் சட்டம் மறுக்கவில்லை. உடலை அடக்கும் சக்தி இருந்ததா என்று பார்த்துத்தான் கடமையை அளக்கிறது. தீட்டுக்குப் பயந்து வீட்டிலேயே முடங்குகிறவர்களைவிட அந்தப் பழைய சட்ட அறிஞர்கள் நடைமுறை தெரிந்தவர்கள் என்றே தோன்றுகிறது. நாற்றம் வேறு விஷயம். பச்சைப் பூண்டு தின்றவரையே பள்ளிக்கு வராதே என்று நபிமொழி தடுக்கிறது. அதற்கு வழி, பையை அவ்வப்போது காலி செய்வதும் ஓரம் பிரியாமல் ஒட்டுவதும்.

அதே ஊரில்தான் தென்காளஹஸ்தி எனப்படும் திருக்காளாத்தீஸ்வரர் கோயில். காளத்தி என்றால் வேடர் கண்ணப்பர். வாயில் கொண்டுவந்த நீரை லிங்கத்தின்மேல் உமிழ்ந்தவர், கடித்துப் பதம் பார்த்த இறைச்சியைப் படைத்தவர். இதைக் கண்டு பதறிச் சுத்தம் செய்தவர் ஆகமம் அறிந்த சிவகோசரியார். பெரியபுராணத்தில் இறைவன் அவரைக் கடிந்து விரட்டவில்லை. மறைந்திருந்து பார் என்கிறார். அந்த இடம் முக்கியம். சுத்தம் பேணியவரின் பக்தியைச் சேக்கிழார் கேலி செய்வதில்லை. வேடனின் எச்சிலால் சன்னதி கெட்டது என்ற கணக்கு மட்டுமே தள்ளுபடியாகிறது. அந்தக் கோயிலின் நடை ஏறுகிறவர் பை வைத்திருப்பதற்காகத் தயங்கினால், கண்ணப்பர் கதை அவர் பக்கம்தான் இருக்கிறது.

ஊர்ப் பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய சமணர் கேள்வியையே வேறாகத் திருப்பியிருப்பார்கள். உடல் இயல்பிலேயே அசுத்தம் என்று தியானிப்பது அவர்களுடைய பன்னிரண்டு சிந்தனைகளில் ஒன்று. அந்தக் கணக்கில் வரிசையில் நிற்கும் எல்லாரும் அதே சரக்கைத்தான் சுமக்கிறார்கள். ஒருவருடையது தோலுக்கு வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

ஹனபி சட்டத்தின் சலுகைக்கு முடிவும் உண்டு. ஒரு தொழுகை வேளை முழுதும் கசிவே இல்லாமல் கழிந்தால் அவர் மறுபடி பொதுவிதிக்குள் வந்துவிடுவார். குடலை உள்ளே இணைத்து, அடக்கும் சக்தி திரும்பியவருக்கும் அதேதான் விதி.