விழுப்புண்ணும் வீதாசாரமும்

யுத்தத்தில் உடல் கெட்டவனுக்கு அரசாங்கம் இறுதியில் அனுப்பி வைப்பது ஓர் எண். நூற்றுக்கு இருபது, நூற்றுக்கு நாற்பது, நூற்றுக்கு எழுபது என்று வைத்திய சபையொன்று அவனுடைய அங்கவீனத்தை அளந்து கூறுகிறது. மாதந்தோறும் அவன் பெறப்போவது எவ்வளவு, அல்லது பெறுவதற்கு ஏதும் உண்டா என்பதை அந்த எண்ணே தீர்மானிக்கிறது. அளவு குறைந்துவிட்டதென்று அவன் கருதினால் மேன்முறையீடு செய்யலாம். செய்வதா, விடுவதா? சட்டத்தரணியிடம் கேட்டால் ஒரு பதில் கிடைக்கும். ஆனால் அது ‘வெல்ல முடியுமா’ என்ற வினாவுக்கான பதில். ‘கேட்பது தகுமா’ என்பது அதற்கு முந்திய வினா, அறத்தின்பாற்பட்ட வினா. அதனையே இங்கு ஆராய முற்படுகின்றோம்.

புண்ணை மதிப்பிடும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. மார்பிற் பட்ட புண்ணை விழுப்புண் என்று போற்றினோம். முதுகிற் பட்டதைப் புறப்புண் என்று இகழ்ந்தோம். வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டினோம். வெண்ணிப் போரிலே கரிகாலனுடன் பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், தன் முதுகிற் புண்பட்டதற்கு நாணி, வடக்கிருந்து உயிர் துறந்தான் என்பதைப் புறநானூறு கூறுகிறது. மார்பிலே பாய்ந்த படைக்கலம் முதுகை ஊடுருவியதே அப்புண்ணுக்குக் காரணம் என்று கொள்வாரும் உளர். அவ்வாறாயின் அது விழுப்புண்ணே. எனினும் அவன் அதனை எடுத்துரைக்கவில்லை. உலகின் மதிப்பீட்டை ஏற்றுக்கொண்டு உண்ணாதிருந்தான். அவனுக்காகப் பேசியவர் வெண்ணிக் குயத்தியார். வென்றவனைப் பார்த்தே, உன்னிலும் அவன் நல்லன் அல்லனோ என்று கேட்டார் அப்புலவர். அவர் மட்பாண்டம் வனையும் குலத்தவர் என்பதைப் பெயரே சொல்லும். மன்னன் தனக்காகக் கேட்காத மறுமதிப்பீட்டை அவனுக்காகக் கேட்டவர் ஒரு குயத்தியார் என்பது நம் இலக்கியத்தின் பெருமைகளுள் ஒன்று.

அன்றைய சமுதாயம் புண் எங்கே என்று கேட்டது. இன்றைய அரசு புண் எவ்வளவு என்று கேட்கிறது. முதல் உலக யுத்த காலத்துப் பிரித்தானிய அட்டவணையில் வலக்கைக்கு ஒரு தொகையும், இடக்கைக்கு அதனிற் குறைந்த தொகையும் குறிக்கப்பட்டிருந்தன. நம் நாட்டில் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் உறுப்புகளை அவ்வாறே வீதாசாரமாக வகுத்தது. இத்தகைய அட்டவணை தேவையில்லை என்று நாம் சொல்லவில்லை. அது இல்லாவிடின் அதிகாரியின் தயவே அளவுகோலாகிவிடும். ஆயினும் அட்டவணை அளப்பது உறுப்பை. மனிதன் இழப்பது வாழ்வை. கந்தோரில் இருந்து எழுதுபவன் ஒரு பாதத்தை இழக்கிறான்; மருதமுனையிலே குழித்தறியில் நெய்பவன் ஒருவனும் ஒரு பாதத்தை இழக்கிறான். அட்டவணையில் இருவரும் ஒன்றே. ஆனால் தறியின் மிதிகளை மிதிப்பதற்குக் கால் வேண்டும். எழுதுபவன் நடையை மட்டும் இழந்தான். நெய்பவன் தொழிலையும் இழந்தான்.

ஆகவே எண் பிழைபடலாம் என்பது தெளிவு. அவ்வாறிருந்தும் மேன்முறையீடு செய்யத் தயங்குவோர் பலர். அவர்கள் கூறும் காரணங்கள் அற்பமானவையல்ல.

முதலாவது, ‘கடமையைச் செய்தேன், அதற்கு விலை பேசுவதா?’ என்பது. கேட்பதற்கு உயர்வாகத் தோன்றும் வாதம் இது. ஆயின் படைகளின் கீழ்நிலைச் சிப்பாய்கள் எந்நாட்டிலும் பெரும்பாலும் ஏழைக் கிராமங்களின் பிள்ளைகளே. அவர்கள் படையிற் சேர்ந்ததிலே பற்றும் இருந்தது; பசியும் இருந்தது. சம்பளம் தருவதாகச் சொல்லி அழைத்துக்கொண்ட அரசு, காயப்பட்ட பின்னர் மட்டும் தியாகத்தைப் பற்றிப் பேசுமாயின், அந்தப் பேச்சு யாருக்கு இலாபம் என்று கேட்கவேண்டும். தியாகம் என்பது கொடுப்பவன் சொல்லத்தக்க சொல். பெற்றுக்கொண்டவன் அச்சொல்லைக் காட்டிக் கடனைத் தள்ளுபடி செய்தல் நீதியாகாது.

இரண்டாவது, ‘என்னிலும் கெட்டவன் இருக்கிறான், நான் கேட்பது பேராசை’ என்பது. இதிலே உள்ள ஈரத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் இவன் விட்டுக்கொடுக்கும் பணம் அந்த மற்றவன் கைக்குப் போவதில்லை, திறைசேரியிலே தங்கிவிடுகிறது. மாறாக, இவன் பெறும் தீர்ப்பு மற்றவனுக்கும் பயன்படக்கூடும். இந்தியாவிலே 1985இல் படையிற் சேர்ந்த தரம்வீர் சிங் என்னும் சிப்பாய், ஏறக்குறைய ஒன்பது ஆண்டுச் சேவையின் பின், 1994இல் வலிப்பு நோய் காரணமாக நூற்றுக்கு இருபது அங்கவீனத்துடன் வெளியேற்றப்பட்டார். நோய் சேவையால் வந்ததன்று, உடலமைப்பால் வந்தது என்று வைத்திய சபை கூறியதால் அங்கவீன ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. 2013 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சேர்த்துக்கொண்டபோது எந்த நோயும் பதியப்படவில்லையாயின், அவன் ஆரோக்கியமாகவே வந்தான் என்று கொள்ளவேண்டும். பின்னர் வந்த நோய் சேவையால் வந்ததன்று என்பதை நிரூபிக்கும் பொறுப்பு அரசைச் சாரும். ஐயம் எழுமாயின் அதன் பயன் சிப்பாய்க்கே உரியது என்பது அத்தீர்ப்பின் சாரம். மறுவருடம் டிசம்பரில் ராம் அவதார் வழக்கிலே இன்னொரு தீர்ப்பு வந்தது. அங்கவீனத்தை 50, 75, 100 என மேல்நோக்கி முழுமையாக்கும் சலுகை, இடையில் வெளியேற்றப்பட்டோர்க்கு மாத்திரமன்றித் தவணை முடித்து இளைப்பாறியோர்க்கும் உண்டு என்று அது கூறியது. இவற்றின் பயன் வழக்காடிய சிலரோடு நின்றுவிடவில்லை. முன்பின் அறியாத பலருக்கும் அவை வழிகாட்டின. ஆகவே தனிமனிதன் செய்யும் மேன்முறையீடு தன்னலம் மட்டுமே என்று சொல்வதற்கில்லை.

மூன்றாவது தயக்கமே மிகக் கனமானது. மேன்முறையீடு செய்பவன் தன் குறையை நிலைநாட்ட வேண்டியவனாகிறான். எழுந்து நிற்கப் பழகிய மனிதன், சபையின் முன்னே நிற்க முடியாதவனாகத் தோன்றவேண்டும். வலி குறைந்த நாளை மறைத்து, கூடிய நாளைச் சொல்லத் தூண்டப்படுகிறான். அவ்வாறு சொல்லிச் சொல்லி, தன் மீட்சியையே தன் பகையாக எண்ணும் நிலைக்கு வந்துவிடலாம். பொய் சொல்லிப் பெறும் உயர்வு, அடுத்து வரும் உண்மையான நோயாளியின் மீது சந்தேகத்தை ஏற்றிவைக்கிறது என்பதையும் மறத்தலாகாது.

இவ்வாதத்துக்கு நாம் தரும் விடை இது: கேட்கவேண்டியது கூடிய எண்ணையன்று, சரியான எண்ணை. நடக்க முடிவதையும் சொல்லி, முடியாததையும் சொல்லி, இரண்டையும் சேர்த்து மதிப்பிடுங்கள் என்று கோருபவனுக்கு இழிவொன்றுமில்லை. அப்படி உண்மை பேசுவதை எளிதாக்கும் கடமை சட்டத்துக்கும் உண்டு. நிரூபிக்கும் பாரம் முழுவதையும் நோயாளியின் தலையிலே ஏற்றினால், அவன் மிகைப்படுத்தவே செய்வான். பிரித்தானியாவிலே 1943இல் படையினருக்கான ஓய்வூதிய மேன்முறையீட்டு மன்றங்கள் பற்றிய சட்டம் இயற்றப்பட்ட காலத்திலே, அந்தப் பாரம் வீரனின் தோளிலிருந்து அமைச்சின் தோளுக்கு மாற்றப்பட்டது. ஐயத்தின் பயன் தனக்குண்டு என்று அறிந்தவனுக்கு நாடகம் ஆடவேண்டிய அவசியம் குறைகிறது.

இதுவரை சொன்னதைக்கொண்டு, ஒவ்வொருவனும் மேன்முறையீடு செய்தே தீரவேண்டும் என்று நாம் முடிவுகட்டவில்லை. 1994இல் வெளியேறியவர் 2013இல் நீதி பெற்றார் என்றால், இடையிலே கழிந்தவை பத்தொன்பது ஆண்டுகள். அவ்வளவு காலமும் கோப்பின் பின்னே நடக்க எல்லாருக்கும் வலிமை இராது. மீண்டும் பரிசோதித்தால் எண் குறைந்துவிடுமோ என்ற அச்சமும் பொய்யன்று. இவற்றைச் சீர்தூக்கி, ‘எனக்கு அமைதி போதும்’ என்று ஒருவன் முடிவு செய்வானாயின், அவனைக் கோழை என்று சொல்லும் உரிமை எவர்க்கும் இல்லை. ஆனால் அமைதிக்காக விடுவது வேறு. வெட்கத்தால் விடுவது வேறு. கேட்பதே இரத்தல் என்று கற்பிக்கப்பட்டதனால் வாய்மூடி இருப்பவனின் மௌனத்தை, அவனுடைய சுதந்திரமான முடிவு என்று நாம் கொள்ள முடியாது.

இனி, இலங்கையில், அதுவும் இக்கிழக்குக் கரையில் இருப்போர் எதிர்கொள்ள வேண்டிய வினாவுக்கு வருவோம். 2016 நவம்பரில், பன்னிரண்டு ஆண்டுச் சேவை நிறைவுறுமுன் அங்கவீனமுற்று விலகிய படையினர், தமக்கும் இளைப்பாற்றுச் சம்பளம் வேண்டுமென்று கொழும்பிலே போராடினர். பொலீஸார் அவர்களைப் பலவந்தமாகக் கலைத்தனர். யுத்தம் 2009இல் முடிந்து ஏழு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஊன்றுகோலோடு வீதியில் நின்ற அந்தச் சிங்களச் சிப்பாயின் கோரிக்கையைத் தமிழ் பேசுவோர் எந்த மனத்தோடு நோக்குவது? ‘அவனுக்காவது கேட்பதற்கு ஒரு வாசல் உண்டு, எமக்கு?’ என்று நம்மவர் கேட்டால் அது நியாயமான கேள்வியே. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்தபோது சுடப்பட்டுப் பிழைத்தவனை எந்த வைத்திய சபையும் அழைத்து நூற்றுக்கு இத்தனை என்று அளக்கவில்லை. 1991 ஜூனில் மகிழடித்தீவில் கொலைவெறிக்குத் தப்பியவர்களுக்கும் அந்த அளவுகோல் இல்லை. இயக்கத்திலே சேர்ந்தோ சேர்க்கப்பட்டோ கால் இழந்தவளுக்கு முறையிடுவதற்கு ஓர் எண்ணேனும் இல்லை. 2018இல் இழப்பீட்டுக்கான அலுவலகச் சட்டம் நிறைவேறியது. சட்டம் இயற்றுவது ஒன்று. உடைந்த வாழ்வொன்றை நேரிற் கண்டு மதிப்பிடுவது மற்றொன்று.

ஆயினும், நமக்கு வாசல் இல்லை என்பதற்காக அவன் வாசலையும் அடைக்கச் சொல்வோமா? அது பகைக்கு விருந்தாகுமேயன்றி நமக்கு நீதியாகாது. காயம் யாருடையதாயினும் ஐயத்தின் பயன் காயப்பட்டவனுக்கே என்ற நெறி ஓரிடத்தில் வேரூன்றினால், அதே நெறியைச் சான்றாகக் காட்டி நாமும் கேட்கலாம். சிப்பாயின் உரிமைக்கு அடிப்படை அவன் ஏந்திய துப்பாக்கியன்று. அவன் உடலுக்கு நேர்ந்த கேடு. அந்த அடிப்படையை அவனுக்கு ஒப்புக்கொள்ளும் அரசு, நெசவாளிக்கும் மீனவனுக்கும் விதவைக்கும் அதனை மறுப்பதற்கு நேர்மையான காரணம் எதனையும் காட்ட முடியாது.

நம்மூர்களில் மனு எழுதுவதற்கு மக்கள் இன்றும் பள்ளிக்கூட ஆசிரியரையே தேடி வருவதுண்டு. கடிதம் சிங்களத்தில் வந்திருக்கும். முறையிடும் தவணை முடியச் சில நாட்களே இருக்கும். வருபவன் கூச்சத்தோடு, ‘இதைக் கேட்கலாமா, சேர்?’ என்பான். அவனுக்கு நாம் சொல்லவேண்டிய விடை இப்போது தெளிவாகிறது. கேட்கலாம், உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேட்கலாம், வேண்டாமென்று விடுவதானாலும், வெட்கப்பட்டு விடவேண்டியதில்லை. அன்று ஒரு மன்னனுக்காகக் குயத்தியார் ஒருவர் பேசினார். இன்று மன்னரல்லாத மனிதருக்காகப் பேசுவதும் எழுதுவதும் படித்தவர்களின் கடமை. எண் வழங்கப்பட்டவனுக்காக மட்டுமன்று, எண்ணே வழங்கப்படாதவர்களுக்காகவும் அதனைச் செய்வோமாக.