அடைத்த கதவும் திறந்த கதவும்

நம் பங்கைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு மாலை வேளையில் நம்மிடம் வந்து, "சாமி, ஒரு குருவானவர் தம் மக்களைக் கோவிலுக்குள் விடாமல் கதவை அடைத்துக்கொண்டார். வெளியே நின்ற அத்தனை பேரும் செத்துப்போனார்கள். அவருக்கு மன்னிப்பு உண்டா?" என்று கேட்டார். இக்கொடுமை எங்கு நிகழ்ந்தது என்று பதறி வினவினோம். எங்கும் நிகழவில்லை என்றும், தாம் பார்த்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வருவது என்றும் சொல்லிச் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. கதை கற்பனையாயினும் கேள்வி கற்பனையன்று.

அத்தொடரின் பெயர் 'தி வாக்கிங் டெட்'. நடமாடும் பிணங்கள் என்று பொருள் கொள்ளலாம். இறந்தோர் பசியோடு எழுந்து திரியும் உலகில், எஞ்சிய சிலர் உயிர் பிழைக்கப் போராடும் திகில் கதை. இத்தகைய கதைகளில் நமக்கு ஈடுபாடு இருந்ததில்லை. 'இரவெல்லாம் பிணப் படம் பார்க்கிறான்' என்று அம்மாணவரின் தாயார் முன்னரே நம்மிடம் முறையிட்டிருந்தார். ஆயினும் ஒன்றைப் பார்க்காமல் கண்டிப்பது முறையன்று என்று கருதி, அவர் காட்டிய பகுதிகளைப் பார்த்தோம். பின்னர் அத்தொடருக்கு மூலமான சித்திரக்கதை நூல்களையும் அவரிடமிருந்தே பெற்று வாசித்தோம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது எழுந்த சிந்தனைகளையே இங்கு வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

சித்திரக்கதையை எழுதியவர் ராபர்ட் கிர்க்மன். முதல் ஆறு இதழ்களுக்கு டோனி மூரும் அதன்பின் சார்லி அட்லார்டும் ஓவியம் தீட்டினர். 2003-இல் தொடங்கி 2019 வரை 193 இதழ்கள் கறுப்பு வெள்ளையிலேயே வெளிவந்தன. தொலைக்காட்சித் தொடர் 2010 முதல் 2022 வரை 11 பருவங்களில், 177 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. இதன் உருவாக்கத்திலும் கிர்க்மனுக்குப் பங்கு உண்டு. ஆயினும் இவ்விரண்டிலும் மாந்தரின் முடிவுகள் ஒன்றாக இல்லை.

சான்றாக, சோஃபியா என்னும் சிறுமி சித்திரக்கதையில் வளர்ந்து, மணமுடித்து, ஒரு குழந்தைக்குத் தாயாகிறாள். தொலைக்காட்சியிலோ இரண்டாம் பருவத்திலேயே காணாமற்போய், பிணமாய் நடந்து வருகிறாள். அவளுடைய தாய் கேரலின் நிலை இதற்கு நேர்மாறானது. சித்திரக்கதையின் கேரல் தனிமையைத் தாங்கமாட்டாமல், பிணம் ஒன்று தன்னைக் கடிக்கும்படி தன்னையே ஒப்புக்கொடுத்து மடிகிறாள். தொலைக்காட்சியின் கேரல், கணவனிடம் அடிபட்டு ஒடுங்கிக் கிடந்த பெண்ணாகத் தொடங்கி, பலரைக் காக்கும் துணிவு பெற்று இறுதிவரை வாழ்கிறாள். கதைத்தலைவர் ரிக்கின் மகன் கார்ல் நூலில் வாழ்கிறான்; திரையில் சாகிறான். ரிக்கோ நூலில் சுட்டுக் கொல்லப்படுகிறார். திரையில் உயிரோடு எங்கோ கொண்டுசெல்லப்படுகிறார்.

எது மூலத்துக்கு உண்மையானது, எது பிறழ்ந்தது என்பது இரசிகர்கள் தமக்குள் நடத்தும் வழக்கு. நாம் கேட்க விரும்புவது வேறு. நூலின் கேரலைப் பார்த்து முடித்தவர், 'இவள் வலுவற்றவள்' என்று தீர்ப்பிடுவார். திரையின் கேரலைப் பார்த்தவர், 'இவள் வீராங்கனை' என்பார். இருவரின் தொடக்கமும் ஏறத்தாழ ஒன்றே. ஒருத்திக்குக் காலம் கொடுக்கப்பட்டது, மற்றவளுக்குக் கொடுக்கப்படவில்லை. அப்படியாயின், ஒரு மனிதரைப் பாதி வழியில் பார்த்துவிட்டு, 'இவர் இப்படிப்பட்டவர்' என்று நாம் இடும் தீர்ப்புக்கு என்ன மதிப்பு?

இனி மாணவர் கேட்ட குருவானவரிடம் வருவோம். அவர் பெயர் கேபிரியேல் ஸ்டோக்ஸ். தொலைக்காட்சித் தொடரில், ஆங்கிலிக்க மரபைச் சார்ந்த எபிஸ்கோப்பல் சபையின் குருவாகக் காட்டப்படுகிறார். பேரழிவு தொடங்கிய நாள்களில் பங்கு மக்கள் கோவிலைத் தேடி ஓடி வருகின்றனர். அவர் அஞ்சிக் கதவைத் திறக்கவில்லை. அவர்கள் தட்டுகின்றனர், கதறுகின்றனர், பின்னர் ஓய்ந்துவிடுகின்றனர். கோவிலின் வெளிச்சுவரில் அவருக்கு எதிரான சாபமொழி ஒன்று கீறப்பட்டிருக்கிறது. கதவை அடைத்த இந்தப் பாவம் நூலிலும் உண்டு, திரையிலும் உண்டு. அதற்குப் பின் நிகழ்வதில்தான் வேறுபாடு.

நூலில் கேபிரியேல் குற்றவுணர்வோடு சில காலம் வாழ்ந்து, போர் ஒன்றின் நடுவே உயரமான காவல் இடத்திலிருந்து இறங்குகையில் கால் சிக்கித் தலைகீழாய்த் தொங்கி, பகைவன் கையில் மடிகிறார். அவருடைய பாவத்துக்கு ஈடான ஒரு நற்செயல் செய்யும் வாய்ப்பு அவருக்கு வாய்க்கவில்லை.

திரையில் அவருக்கு இன்னும் இரண்டு கதவுகள் கிடைக்கின்றன. ஐந்தாம் பருவத்தின் முடிவில், வாழ்வின் மீதே வெறுப்புற்றுத் திரும்பி வரும் அவர், அடைக்கவேண்டிய ஊர்வாயிலைச் சரிவர அடைக்காமல் விட்டுவிட, பிணங்கள் உள்ளே நுழைகின்றன. திறக்கவேண்டிய கதவை அச்சத்தால் அடைத்தவர், அடைக்கவேண்டிய கதவை அவநம்பிக்கையால் திறந்துவிடுகிறார். பின்னர் மெல்ல மெல்லப் பிறருக்குப் பயன்படும் மனிதராகிறார். ஆயினும் ஏறுமுகமாகவே சென்றார் என்றும் சொல்வதற்கில்லை. பத்தாம் பருவத்தில் சிறைப்பட்டிருந்த கொலைகாரன் ஒருவனைச் சினம் மிகுந்து தம் கையாலேயே கொன்றுவிடுகிறார். 2022-இல் ஒளிபரப்பான இறுதிப் பகுதியில் மூன்றாம் கதவு வருகிறது. ஆட்சித்தலைவியான பமேலா மில்டன் வசதி படைத்தோர் குடியிருப்பின் வாயில்களை அடைத்துவிட்டார்; எளிய மக்கள் வெளியே நின்று கதறுகின்றனர்; பிணக்கூட்டம் நெருங்குகிறது. திறப்பவரைச் சுடுவதாக மிரட்டல். கேபிரியேல் கதவை நோக்கி நடக்கிறார். இம்முறை கதவு திறக்கிறது.

இக்காட்சியைப் பார்த்தபோது நம் நெஞ்சு கனத்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் நெஞ்சு கனப்பது ஒன்று, உண்மையை ஆராய்வது மற்றொன்று. இங்கு மூன்று தடைகள் எழுகின்றன.

முதல் தடை: தொலைக்காட்சி தன் மாந்தருக்கு ஆயுளை நீட்டுவது இரக்கத்தால் அன்று, வணிகத்தால் என்பது. மக்கள் விரும்பும் நடிகர் இருந்தால் பார்ப்போர் தொகை குறையாது. சித்திரக்கதையில் இல்லவே இல்லாத டேரில் என்னும் பாத்திரம் திரையில் இறுதிவரை நிலைத்து நின்றதற்கு மக்கள் ஆதரவும் காரணம் அன்றோ? உண்மைதான். ஆயினும் கதை சொல்பவரின் நோக்கம் எதுவாயினும், கதை காட்டும் உண்மை உண்மையே. காலம் கிடைத்தால் மனிதர் மாறக்கூடும் என்பதை வணிகர் சொன்னாலும் அது பொய்யாகிவிடாது.

இரண்டாம் தடை இதனினும் கடுமையானது. இறுதிக் கதவைத் திறந்ததால் முதற்கதவின் வெளியே மாண்டோர் உயிர்த்தெழுந்தனரா? இல்லை. மன்னிக்கவேண்டியவர்கள் அவர்கள், அவர்களோ வாய் திறக்க இயலாதவர்கள். இங்கு நமக்குத் துணையாக வருவது அதே தொடரில் வரும் மேகி என்னும் பெண். அவளுடைய கணவன் கிளெனை நீகன் என்பவன் அவள் கண்ணெதிரிலேயே அடித்துக் கொன்றான். ஆண்டுகள் கடந்து நீகன் மனம் வருந்தி மன்னிப்புக் கேட்கிறான். அவன் செய்த நன்மைக்கு அவள் நன்றியுடையவள். ஆயினும் மன்னிக்க முடியவில்லை என்று சொல்கிறாள். சிலருக்கு இது குறையாகத் தோன்றலாம். நமக்கோ இது நேர்மையாகத் தோன்றுகிறது. மன்னிப்பு என்பது துன்புற்றவர் தரும் கொடை. கடனைப்போல் கேட்டுப் பெறத்தக்கதன்று. மனம் வருந்துதல் குற்றம் செய்தவரின் கடமை. மன்னிப்புக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அக்கடமை தீர்வதில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவ மன்னிப்போடு பரிகாரமும் விதிக்கப்படுவது இதனால் அன்றோ? பரிகாரம் கடந்ததை அழிப்பதற்கன்று. கடந்ததால் வளைந்துபோன மனிதரை நிமிர்த்துவதற்கே. கேபிரியேல் திறந்த கதவு பழைய கணக்கைத் தீர்க்கவில்லை. அடுத்த கூட்டத்தைக் காத்தது. மனிதரால் இயல்வது அவ்வளவே.

மூன்றாம் தடை கார்லின் சாவு. நூலில் முதுமை நோக்கி வாழும் அச்சிறுவனைத் திரை ஏன் கொன்றது? அவன் சாவுக்குக் காரணம் சித்திக் என்னும் அயலான். நாதியற்று அலைந்த அவனுக்கு உதவச் சென்ற இடத்தில்தான் கார்ல் கடிபடுகிறான். சாகும் வேளையில், பகைவரோடும் அமைதி காணும்படி தந்தையிடம் வேண்டுகிறான். நீகனைக் கொல்லாமல் சிறையில் இடுவது நூலிலும் உண்டு. அங்கு அது புதிய சமுதாயத்தைச் சட்டத்தின் மீது கட்டவேண்டும் என்னும் முன்மதியால் எடுக்கப்படும் முடிவு. திரையில் அது இறந்த மகனின் வேண்டுகோளுக்குத் தந்தை தரும் மறுமொழி. கதவை அடைத்த குரு பிழைத்தார். அயலானுக்குக் கைநீட்டிய சிறுவன் மாண்டான். கதவைத் திறந்தால் நன்மையே விளையும் என்று மறையுரையில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். திறப்பதற்கு விலை உண்டு என்பதை இத்திகில் கதை நம்மினும் நேர்மையாகச் சொல்கிறது.

அப்படியாயின் இரு கேபிரியேல்களில் உண்மையானவர் யார்? தூய தாமஸ் அக்வினாஸ் இவ்வுலகில் வாழும் மனிதரை 'வழிப்போக்கர்' என்று குறிப்பிடுகிறார். வழியில் இருக்கும்வரை திரும்பலாம். வழி முடிந்தபின் திரும்ப இயலாது. இதிலிருந்து இரு தவறுகள் பிறக்கக்கூடும் என்று குருமடத்தில் கற்றோம். இனி எனக்கு வழியில்லை என்று சோர்ந்துவிடுவது ஒன்று. இன்னும் காலம் இருக்கிறது, பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று துணிவது மற்றொன்று. திரையின் கேபிரியேல் முதல் தவறுக்கு மருந்து. நூலின் கேபிரியேல் இரண்டாம் தவறுக்கு மருந்து. ஈடுசெய்யும் வாய்ப்பு வராமலே மாண்ட அவர் கைவிடப்பட்டவர் என்றும் நாம் சொல்லத் துணியோம். சிலுவையில் தொங்கிய நல்ல கள்வனுக்கும் ஈடுசெய்யக் காலம் இருக்கவில்லை.

இவ்விடத்தில் நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில், சிற்றூர்ப் பங்கு ஒன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தோம். அடைமழை பெய்த ஓர் இரவில் யாரோ வாயிற்கதவைத் தட்டினர். குடித்துவிட்டு வந்து அடிக்கடி தொல்லை தரும் ஒருவரின் குரல். காலையில் வரச்சொல்லும்படி சமையற்காரரிடம் கூறிவிட்டுத் திரும்பிப் படுத்தோம். அவர் அன்று குடித்திருக்கவில்லை. காய்ச்சலில் வலிப்புக் கண்ட தம் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப் பங்கின் வண்டியைக் கேட்க வந்திருக்கிறார். கணவனும் மனைவியுமாகக் குழந்தையை மாறி மாறித் தூக்கிக்கொண்டு மழையில் நடந்தே சென்றார்கள் என்பதை மறுநாள் அறிந்தோம். குழந்தை பிழைத்தது, நம்மால் அன்று. தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சில மாதங்களில் குடும்பத்தோடு பிழைப்புத் தேடி வேறூர் போய்விட்டார். அவருக்குத் திறக்க நமக்கு இன்னொரு கதவு கிடைக்கவில்லை.

அன்று முதல் இரவில் யார் தட்டினாலும் நாமே எழுந்து சென்று திறக்கிறோம். பெரும்பாலான இரவுகளில் நிற்பவர் உண்மையிலேயே குடித்தவராகவோ, பேருந்துக் கட்டணம் என்று சொல்லிப் பணம் கேட்பவராகவோதான் இருக்கிறார். ஐம்பதைக் கடந்த வயதில் கலைந்த தூக்கம் எளிதில் திரும்புவதும் இல்லை. சில வேளைகளில் எரிச்சலோடுதான் எழுகிறோம். ஆயினும் எழுகிறோம்.

சித்திரக்கதை நூல்களைத் திருப்பிக் கொடுத்தபோது, "என் கேள்விக்கு விடை சொல்லவில்லையே சாமி?" என்றார் அம்மாணவர். கேபிரியேலுக்கு மன்னிப்பு உண்டா என்று தீர்ப்பிடும் பொறுப்பு நமக்கு இல்லை என்றும், இன்றிரவு நம் கதவை ஒருவர் தட்டினால் என்ன செய்வோம் என்பதற்கு மட்டுமே நாம் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்றும் கூறினோம். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பின்னர், தம் விடுதி அறையில் ஓராண்டாகத் தாம் பேசாதிருக்கும் நண்பர் ஒருவர் உண்டு என்றும், அவர் இருமுறை வந்து தட்டியும் தாம் திறக்கவில்லை என்றும் தாழ்ந்த குரலில் சொன்னார். விடுமுறை முடிந்து மறுநாளே அவர் விடுதிக்குத் திரும்பவேண்டியிருந்தது.