தமக்கையார் வளர்த்த பிள்ளை



தர்மபுரத்திலே கூடியிருக்கும் உங்கள் முன் இன்று சொல்லப் புகுந்தது திலகவதியார் சரித்திரமாம். திருநாவுக்கரசு நாயனாரைப் பற்றிப் பேசுவோர் நீற்றறையையும் கற்றூணையும் விரித்துரைப்பர். அவை நிற்க. அவற்றுக்கு முன்னே ஒரு வீட்டினுள் நடந்ததை நாம் நின்று நோக்குதல் வேண்டும்.

திருவாமூரிலே புகழனாரும் மாதினியாரும் ஒருவர்பின் ஒருவராக இவ்வுலகை நீத்தனர். திலகவதியாருக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போர்க்களத்திற் பட்டார். அம்மையார் தாமும் உயிர்விடத் துணிந்தபோது, மருணீக்கியார் என்னும் அச்சிறுவர் அவரடியில் வீழ்ந்து, தாய்தந்தையர் போனபின்பும் தாம் உயிர்தாங்கியிருப்பது தமக்கையாரை வணங்குதற்பொருட்டே என்றும், அவர் போவாராயின் தாம் முன்னே போதல் நிச்சயம் என்றும் சொல்லி அழுதார். தம்பி உயிரோடிருத்தல் வேண்டும் என்னும் அவ்வொன்று பற்றியே அம்மையார் உயிர் தாங்கினார். சேக்கிழார் இதனைக் கூறுமிடத்தை வகுப்பிலே படித்துக் காட்டிப் பாருங்கள். வன்னிப் பிள்ளைகளுக்கு அதற்கு உரை வேண்டியதில்லை.

அங்ஙனம் வளர்ந்த பிள்ளை பருவம் எய்தியபின் செய்தது யாது? கைப்பொருளைக் கொண்டு அறச்சாலைகள் அமைத்தார், தண்ணீர்ப்பந்தர் வைத்தார், சோலை வளர்த்தார், குளந் தோண்டினார், கற்றோர்க்கும் விருந்தினர்க்கும் வழங்கினார். சமணஞ் சார்ந்ததும் சைவத்துக்கு மீண்டதும் இதற்குப் பின்னரே. தமக்கையார் செய்ததற்கு அவருக்கே திருப்பிக் கொடுக்கத்தக்க பொருள் உலகில் இல்லை. ஆதலின் பெற்றதை வழிப்போவார்க்குக் கொடுத்தார். வறுமையிலே பிறர் கைதாங்க வளர்ந்தவர் பலர் ஆசிரியத் தொழிலை நாடுவது ஏன் என்று வினவுவார்க்கு யான் இறுக்கும் விடையும் இதுவே. கொடுத்தவரிடம் அடைக்க இயலாத கடனை அடுத்த பிள்ளையிடம் அடைக்கின்றனர்.

நல்லூர் ஆறுமுகநாவலரும் இவ்வகையினரே. 1822 ஆம் ஆண்டிற் பிறந்த அவர் ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். தமையன்மார் கைவிடாது, சரவணமுத்துப் புலவரிடமும் சேனாதிராய முதலியாரிடமும் தமிழ் கற்பித்தனர். ஆங்கிலம் கற்றது பேர்சிவல் பாதிரியார் நடத்திய வெசிலியன் மிசன் பாடசாலையில்; பின் அங்கேயே ஆசிரியராயினார். 1848 இல் அதனை விடுத்து வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பாதிரிமாரிடம் கற்றதை அவர்க்கொரு குறையாகச் சொல்வாரும் உளர். யானும் அத்தகைய பள்ளியிற் பயின்றவனே. இரண்டு நாள் வராத பிள்ளையை ஆசிரியர் வீடு தேடிச் சென்று விசாரிக்கும் வழக்கத்தை அங்கே கண்டேன். நல்வழக்கம் எச்சமயத்தாரிடம் இருப்பினும் கொள்ளத்தக்கதே.

நாவலர் பாடசாலையைத் தாங்கியது பிடியரிசி. உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை வேறாக எடுத்துவைக்கச் செல்வம் வேண்டியதில்லை. நாள்தோறும் மறவாத மனம் ஒன்றே வேண்டும். 1923 இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கமும் இராசரத்தினம் அவர்களின் உழைப்பினால் ஊர்தோறும் பள்ளிகளை எழுப்பியது ஊராரின் கொடையைக் கொண்டே. அக்காலத்துச் சைவப் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருத்தப்பட்டிலர் என்பதையும் கூறவேண்டும். அதனை மறைத்துப் பேசுதல் சைவத்துக்கு அழகன்று. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் அப்பள்ளிகளிற் பெரும்பாலன அரசினர் வசமாயின. சம்பளம் திறைசேரியிலிருந்து வருதலால், பிடியரிசிக் கடன் தீர்ந்தது என்று எண்ணுவார் உளர்.

தீர்ந்ததோ? 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் மலையகத்திலிருந்து வெறுங்கையோடு வந்த குடும்பங்களுக்கு இவ்வன்னி மண் இடங்கொடுத்தது. 2009 சனவரியில் இவ்வூரார் பரந்தன் முல்லைத்தீவு வீதி வழியே கிழக்கு நோக்கிப் பெயர்ந்தனர். எஞ்சினோர் பின்னர் செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டனர். அங்கே கூடாரத்தின் கீழ் எழுத்தறிவித்த ஆசிரியர்களும் அகதிகளே. மாற்றுடை இல்லாதவர் கரும்பலகை முன் நின்றனர். அன்று அவர் முன் தரையிலிருந்த பிள்ளைகளுட் சிலர் இன்று சோக்கட்டி பிடிக்கின்றனர்.

ஆயினும் 'கஷ்டப் பிரதேச சேவை' என்னும் பெயரைக் கேட்டவுடன், பொறுப்பேற்ற அன்றே இடமாற்றத்துக்கு நாள் எண்ணுவாரைக் காண்கின்றோம். பேருந்துப் பயணமும் வீட்டிலே முதிய தாயும் உண்மையான இடர்களே, அவற்றை இகழேன். நாள் எண்ணுவது பிள்ளைக்குத் தெரிந்துவிடுகின்றது என்பதே என் வருத்தம். நம்மை விட்டுப் போனவர் பலருள் இவரும் ஒருவர் என்று அது கணக்கு வைத்துக்கொள்ளும்.

இன்னும் ஒன்று. இடாப்பை எடுத்து, வகுப்பறிய, "தகப்பன் பெயர் என்ன? தொழில் என்ன?" என்று வினவும் வழக்கத்தை விட்டொழியுங்கள். அறிய வேண்டுமாயின் தனியே அழைத்து அறியலாம். காலையிற் பிள்ளை உண்டதோ என்பதையும் அவ்வாறே கேளுங்கள். 2022 ஆம் ஆண்டு நெருக்கடியிலே காலைப் பிரார்த்தனையில் மயங்கி வீழ்ந்த பிள்ளைகளைப் பல பள்ளிகள் கண்டன. நாவலர் 1877 ஆம் ஆண்டுப் பஞ்சத்திற் புராணப் பிரசங்கத்தோடு நின்றாரல்லர். கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார்.

சித்திரைச் சதயத்தில் நாயனார் குருபூசை வருகின்றது. பள்ளியிலே திலகவதியார் சரித்திரத்தைச் சொல்வீர்கள். விடியலில் எழுந்து சமைத்து, தம்பி தங்கையரை வெளிக்கிடுத்திவிட்டுத் தான் பிந்தி ஓடிவரும் மூத்த பெண்பிள்ளை ஒருத்தி உங்கள் வகுப்பில் இருப்பாள். அன்றேனும் அவளைப் படலையில் நிறுத்தாது உள்ளே விடுங்கள்.